செப்டெம்பரில் வராத பிள்ளைகள்

கிழக்கு லண்டனின் பழைய பள்ளிக்கூடங்களை எட்ட நின்றே அடையாளம் காணலாம். செங்கல்லில் மூன்று மாடி, ஆளுயரத்துக்கு மேலே தொடங்கும் யன்னல்கள், ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகள், பாலர் என்று தனித்தனியாகக் கல்லில் பெயர் வெட்டிய வாசல்கள். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு லண்டன் பள்ளிச் சபை கட்டியவை. அப்படியான ஒரு கட்டடத்தின் கந்தோரில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. வரவு இடாப்பு என் பொறுப்பு. காலையில் ஒரு கோடு, பின்னேரம் மற்றப் பக்கம் சாய்ந்த ஒரு கோடு, வராத பிள்ளைக்கு வட்டம். கணினி வந்த பிறகு வட்டத்தின் இடத்தில் எழுத்துகள் வந்தன. அவற்றில் பெற்றோரை அதிகம் கலங்கடித்தது 'ஜி'. அனுமதி இல்லாமல் விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை என்று அதற்கு அர்த்தம்.

அந்த எழுத்துக்காக என்னோடு கோபித்துக்கொண்டவர்கள் எல்லா நாட்டவரிலும் உண்டு. வங்காளிகள், போலந்துக்காரர், எங்கடை ஆட்கள், மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கும் வெள்ளைக்காரர். அந்த வெள்ளைக்காரரில் ஒரு பாட்டி, பேரனை ஸ்பெயினுக்குக் கூட்டிக்கொண்டு போன மகளுக்காகப் பேச வந்தவர், போகிறபோது ஒரு விசயம் சொன்னார். தான் இதே பள்ளியில் படித்த காலத்தில் செப்டெம்பரில் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்களாம். எல்லோரும் கென்டில் ஹொப் பறிக்கப் போய்விடுவார்களாம். ஒக்டோபரில் திரும்பி வந்து பழைய வாங்கில் உட்காருவார்களாம்.

வயதானவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள் என்று அப்போது நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஆவணக் காப்பகத்தில் பழைய பள்ளிக் குறிப்பேடுகளைப் புரட்டியபோது, அவர் அதிகம் கூட்டவில்லை என்று தெரிந்தது.

அந்தக் குறிப்பேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1862இல் வந்த அரசாங்க விதிக்கோவை, மானியம் பெறும் ஒவ்வொரு பள்ளியிலும் அதிபர் தினக்குறிப்பு எழுதவேண்டும் என்றது. அதே விதிக்கோவைதான் பள்ளிக்குக் கிடைக்கும் காசைப் பிள்ளைகளின் வரவோடும், பரிசோதகர் வைக்கும் பரீட்சையில் அவர்கள் தேறுவதோடும் முடிச்சுப் போட்டது. ஆகவே இடாப்பில் விழுந்த ஒவ்வொரு வட்டமும் அதிபருக்கு நட்டம். குறிப்பேட்டில் அவர்களுடைய புலம்பல் அதனால்தான் இவ்வளவு நேர்மையாக இருக்கிறது. மழை என்று வரவில்லை, சப்பாத்து இல்லை என்று வரவில்லை, ஊரில் சர்க்கஸ் என்று வரவில்லை. செப்டெம்பர் பிறந்தால் வருசா வருசம் ஒரே காரணம்தான்: ஹொப்.

ஹொப் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் ஒரு கொடியின் பூ. லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கும் கென்ட் மாவட்டம் அதற்குப் பேர்போனது. கொடி கம்பிகளிலும் கயிறுகளிலும் ஏறி மனிதனைப்போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு உயரத்துக்குப் போகும். ஓகஸ்ட் கடைசியில் பூ முற்றத் தொடங்கும். முற்றினால் காத்திருக்காது; மூன்று நாலு கிழமைக்குள் பறித்துச் சூளையில் காயவைக்கவேண்டும். கென்டின் ஊராட்களை மட்டும் வைத்து அதை முடிக்க முடியாது. ஆகவே லண்டனின் கிழக்கிலும் தெற்கிலும் இருந்து பல்லாயிரக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் வருசம் தவறாமல் போனார்கள். ஜிப்சிகளும் ஐரிஷ்காரரும் அவர்களுக்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தவர்கள்.

தோட்டக்காரரிடமிருந்து கடிதம் வரும், இன்ன குடிசை உனக்கு என்று. அந்தக் கடிதத்தைத் தாயிடமிருந்து மகளுக்குச் சொத்துப்போலக் கைமாற்றிய குடும்பங்கள் உண்டு. கடிதம் வந்ததும் வீட்டில் ஒரு மரப்பெட்டி நிரம்பத் தொடங்கும்: சீனி, தேயிலை, தகரத்தில் அடைத்த பால், பழைய திரைச்சீலை, சட்டி பானை. ரயில் கம்பனி இவர்களுக்கென்று தனி ரயில் விடும். நல்ல பயணிகளின் கண்ணில் படக்கூடாது என்றோ என்னவோ, விடியப்புறம் ஊர் உறங்கும் நேரத்தில், ஓய்ந்துபோன பழைய பெட்டிகளைக் கோத்து, லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து அனுப்புவார்கள். ரிக்கற் மலிவு. அந்த மலிவையும் கொடுக்க மனமில்லாத தாய்மார் சின்னப் பிள்ளைகளை இருக்கைக்கு அடியில் தள்ளி, பாவாடையால் மறைத்துக்கொண்டு போனதாக எத்தனையோ பேர் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்கள்.

குடிசை என்பது தகரத்திலோ செங்கல்லிலோ வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை. தரை மண். தோட்டக்காரர் கொடுப்பது வைக்கோலும் விறகுக் கட்டும்தான். வைக்கோலை உறையில் திணித்தால் மெத்தை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மிச்சப் பூங்கடதாசி ஒட்டி, கொண்டுவந்த திரைச்சீலையைத் தொங்கவிட்டால் வீடு. சமையல் வெளியில், பொது அடுப்பில்.

வேலை இப்படி நடக்கும். மரச் சட்டத்தில் சாக்குத்துணி தொங்கவிட்ட நீளமான தொட்டி, அதற்கு 'பின்' என்று பெயர். ஒருவர் கொடியை அறுத்து இழுத்து அதன் குறுக்கே போடுவார். குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று பூவைக் கிள்ளித் தொட்டிக்குள் போடவேண்டும். இலை விழுந்தால் ஏச்சு விழும். சின்னப் பிள்ளைகளுக்குத் தொட்டி எட்டாது. அவர்களுக்குக் குடையை விரித்துத் தலைகீழாக நட்டு வைத்து, 'இதை நிரப்பிவிட்டு விளையாடப் போ' என்பார்கள். கை கறுத்துக் கசக்கும். அந்தக் கையால் தொட்டுச் சாப்பிட்ட பாணும் கசக்கும். நாளில் சில தடவை அளவுகாரர் புசல் கூடையோடு வருவார். நெல்லைப் புசலில் அளந்த ஊர்க்காரிக்கு இந்த இடம் நன்றாக விளங்கும்: அவர் வருவது தெரிந்ததும் பெண்கள் இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டுப் பூவைக் கிளறிப் பொங்கவைப்பார்கள். அவர் கூடையை அமத்தி அள்ளுவார். சண்டை அங்கே தொடங்கும். இத்தனை புசலுக்கு ஒரு ஷில்லிங் என்ற பேச்சை மாற்றச் சொல்லி, தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம் நடந்ததும் உண்டு.

ஜோர்ஜ் ஓர்வெல் 1931இல் போய்ப் பறித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். சொன்ன கூலிக்கும் கைக்கு வந்த கூலிக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப்போட்டுக் காட்டியவர் அவர். அவருக்கு விளங்கியது இன்னொன்று: கிழக்கு லண்டன் பெண்கள் அதைக் கூலிவேலையாக எடுக்கவில்லை, விடுமுறையாகவே எடுத்தார்கள். புகையில்லாத காற்று, பிள்ளைகளுக்கு ஓட வயல், இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு. கணவன்மாருக்குத் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை. சனி ஞாயிறில் வந்து போவார்கள். வேறு வழியில் ஒரு விடுமுறை அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. கடைசி நாளில் வாங்கும் காசில்தான் பிள்ளைகளின் மாரிகாலச் சப்பாத்து. பள்ளிக்குப் போகாமல் உழைத்த காசில் பள்ளிக்குப் போகச் சப்பாத்து.

இதை இனிக்க இனிக்கச் சொல்லவும் கூடாது. 1853 ஒக்டோபர் 20ஆம் திகதி, வேலை முடிந்து திரும்பிய ஹொப் தொழிலாளரை ஏற்றிய வண்டி, வெள்ளம் புரண்ட மெட்வே ஆற்றின் ஹார்ட்லேக் மரப்பாலத்தில் சரிந்து, 30 பேர் ஆற்றோடு போனார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். ஹட்லோ கிராமத்துத் தேவாலய வளவில் ஹொப் சூளையின் வடிவத்திலேயே அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. குடிசைகளில் வயிற்றோட்டமும் காய்ச்சலும் சாதாரணம். ஸ்டெப்னியில் பங்குக் குருவாக இருந்த ரிச்சர்ட் வில்சன் தன் சனத்தோடு கூடவே கென்டுக்குப் போய், அங்கே பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து, ஃபைவ் ஓக் கிரீன் என்ற ஊரில் அவர்களுக்கென்றே சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். அந்தக் கட்டடம் முன்பு மதுக்கடையாக இருந்தது.

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? 1870ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வி விதிக்க உள்ளூர்ச் சபைகளுக்கு இடம் கொடுத்தது; 1880இல் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை எல்லோருக்கும் கட்டாயம் ஆனது. ஆனால் இடையில் வந்த 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசித்தால் சிரிப்பு வரும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பயிர்வேலைக்கும் அறுவடைக்கும் வருசத்தில் ஆறு கிழமை வரை விட்டுவிட உள்ளூர் அதிகாரிகளுக்கு அது அனுமதி கொடுத்தது. நாடாளுமன்றத்தில் இருந்தவர்களில் நிலம் வைத்திருந்தவர்கள் கொஞ்சநஞ்சமா? கென்டின் கிராமப் பள்ளிகள் இன்னும் சுலபமான வழியைப் பிடித்தன. கோடை விடுமுறையையே பின்னுக்குத் தள்ளி, ஹொப் பறிக்கும் கிழமைகளில் வைத்துவிட்டார்கள். இடாப்பில் வட்டமே விழாது.

சிக்கல் லண்டன் பிள்ளைக்குத்தான். லண்டன் பள்ளிகளின் விடுமுறை ஓகஸ்டில். ஹொப் முற்றுவது செப்டெம்பரில். ஆகவே அதே வேலையை அதே தொட்டியில் பக்கத்தில் நின்று செய்த இரண்டு பிள்ளைகளில், ஒருத்தி விடுமுறையில் இருப்பவள், மற்றவள் பள்ளிக்குக் கள்ளம் அடித்தவள். வித்தியாசம் முகவரியில் மட்டும்.

லண்டனில் வட்டம் விழுந்த வீட்டுக் கதவைத் தட்ட, பள்ளிச் சபையின் ஆள் ஒருவர் தெருத் தெருவாக அலைவார். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், தகப்பனுக்கு என்ன தொழில், யார் குடிக்கிறார், யாருக்கு வேலை போய்விட்டது, எல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். சார்ல்ஸ் பூத் லண்டனின் வறுமையைத் தெருவாரியாக நிறம் தீட்டி வரைந்த புகழ்பெற்ற வரைபடங்களுக்கு முக்கியமான தகவல் இந்த ஆட்களின் கொப்பிகளிலிருந்தும் வாயிலிருந்தும்தான் வந்தது. அபராதம், வழக்குச் செலவையும் சேர்த்து, 5 ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. செப்டெம்பரில் அந்த மனிதர் பூட்டிய கதவுகளைத் தட்டிவிட்டுத் திரும்புவதைத் தவிர என்ன செய்வார்? தெரு முழுக்கக் கென்டில்.

1940 செப்டெம்பர் 7ஆம் திகதி ஜெர்மன் விமானங்கள் லண்டன் துறைமுகப் பகுதியில் முதல் பெரிய குண்டுவீச்சை நடத்தியபோதும் அப்பகுதித் தாய்மாரும் பிள்ளைகளும் பலர் ஹொப் தோட்டத்தில்தான் இருந்தார்கள். போரும் அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியது இயந்திரம். 1950களின் பிற்பாதியிலும் 60களிலும் பூவைப் பிரிக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. கடிதம் வருவது நின்றது. இது கென்டின் கதை மட்டுமல்ல. ஸ்கொட்லாந்தில் உருளைக்கிழங்கு கிண்டப் பிள்ளைகளை விட்ட ஒக்டோபர் விடுமுறை, கிழங்கு கிண்டுவது நின்றபிறகும் பெயரளவில் இன்றுவரை இருக்கிறது. எங்கள் ஊரிலும் வெங்காயம் கிண்டும் நாட்களில் வகுப்பில் பின்வாங்கு காலியாக இருந்தது எனக்கு ஞாபகம். எந்த ஊரிலும் பயிர் பள்ளிக்கூட மணிக்குக் காத்திருந்ததில்லை.

வடக்கே லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தன. இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அங்கே 'வேக்ஸ் வீக்' என்று ஒன்று இருந்தது. தொடக்கத்தில் அது ஊர்த் தேவாலயத்தின் திருவிழா. பிற்காலத்தில் ஆலை முதலாளிகள், திருவிழாக் காலத்தில் ஆட்கள் எப்படியும் வேலைக்கு வரப்போவதில்லை என்று கண்டு, அந்தக் கிழமை ஆலையையே மூடிக் கொதிகலனைத் துப்புரவு செய்தார்கள். ஆலை மூடினால் கடை மூடும், பள்ளிக்கூடமும் மூடும். முழு நகரமும் ரயில் ஏறிக் கடற்கரைக்கு, முக்கியமாக பிளாக்பூலுக்குப் போகும். மூடிய கிழமைக்குச் சம்பளம் இல்லை. அதற்காக வருசம் முழுக்கச் சீட்டுப்போல ஒரு சங்கத்தில் காசு சேர்ப்பார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, எல்லா நகரமும் ஒரே கிழமையில் மூடவில்லை. ஊருக்கு ஊர் கிழமை மாறும். யூனில் தொடங்கி செப்டெம்பர் வரை ஒரு நகரம் மாறி ஒரு நகரம் பிளாக்பூலுக்கு வந்து இறங்கும். தங்குமிடக்காரிக்கு மாதக்கணக்கில் ஒரே சீரான வியாபாரம். வருகிறவர்களுக்கும் நெரிசல் குறைவு. ஒரே கிழமையில் நாடு முழுக்க வந்து குவிந்து விலை ஏறுகிற கதை அங்கே இருக்கவில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து களவாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் பள்ளிக்கூடமே பூட்டு. பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியதும், நாடெங்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை என்று வந்ததும் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. என்னைக் கேட்டால், இங்கிலாந்து தன் பள்ளிக் கலண்டரில் செய்த பெரிய முட்டாள்தனம், அந்த ஊர்வாரி முறையைக் கைவிட்டதுதான்.

1938இல் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்னமே பில்லி பட்லின், ஸ்கெக்னெஸ் கடற்கரையில் ஒரு கிழமைச் சம்பளத்துக்கு ஒரு கிழமை விடுமுறை என்று சொல்லி முகாம் திறந்துவிட்டார். போருக்குப் பிறகு தொழிலாளர் குடும்பம் கூலிக்குப் பூப் பறிக்காமலே விடுமுறைக்குப் போகலாம் என்று ஆனது. ஆனால் தகப்பனின் விடுமுறை எந்தக் கிழமை என்பதை முதலாளிதான் தீர்மானித்தார். பள்ளிக் காலத்தில் அது விழுந்தால், அதிபர் பிள்ளையை விடலாம் என்று விதியில் இடம் வைத்தார்கள். பத்துப் பள்ளி நாட்கள் வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதிக்கலாம் என்ற நான் அறிந்த விதி அந்தப் பழைய யோசனையின் பேரப்பிள்ளை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இன்னொரு நல்ல மனசும் இருந்தது. ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்கிறவர்களின் பிள்ளை, வருசத்தில் 200 அமர்வு வந்தால் போதும் என்றார்கள். ஒரு நாளுக்குக் காலை, பின்னேரம் என்று இரண்டு அமர்வு. சாதாரணப் பிள்ளைக்கு இன்று வருசத்துக்கு 380. ஆகவே ராட்டினக்காரரின் பிள்ளைக்குப் பாதி வருசம் போதும் என்று இங்கிலாந்து ஒருகாலம் யோசித்திருக்கிறது.

பிறகு விமானச் சுற்றுலா வந்தது. அந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்திலிருந்து வெளிநாட்டுக்கு விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒரே விலையில் கொடுத்த முதல் நவீன சுற்றுலா, விளாடிமிர் ரைட்ஸின் ஹொரைசன் நிறுவனம் 1950இல் கோர்சிகாத் தீவுக்கு நடத்தியது. அதற்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது: ஆசிரியர்களும் மாணவர்களும் மட்டும் போகலாம். முதல் விமானம் போனது பள்ளி நடக்கிற மே மாதத்தில்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் போனார்கள், ஸ்பெயின் மலிந்தது, எல்லாரும் ஓகஸ்டில் போனார்கள், ஓகஸ்ட் விலை ஏறியது. இதில் விளங்காதது ஒன்றுமில்லை. யூலை கடைசியில் பள்ளிக்கூடம் விட்ட அன்று பின்னேரம் ஏறுகிற விலை, செப்டெம்பரில் மணியடித்ததும் இறங்கிவிடும். கென்டில் செப்டெம்பர் என்றால் உழைப்புக்குப் பருவம். இப்போது அதே செப்டெம்பர் மலிவுக்குப் பருவம். கூட்டிக்கொண்டு போகிற தாய் மட்டும் மாறவில்லை. கையில் இருக்கிற காசுக்கு எந்தக் கிழமை ஒத்துவருமோ அந்தக் கிழமை போகிறாள்.

சட்டம் இறுகத் தொடங்கியது 2003இல். வழக்குக்குப் போகாமலே பெற்றோருக்கு அபராதச் சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் அந்த வருசச் சட்டத்தில் வந்தது. ஆனாலும் பத்து நாள் அனுமதி இருந்தது. எங்கள் அதிபர் கடிதத்தை வாசிப்பார், பிள்ளையின் வரவைப் பார்ப்பார், வரவு நல்லதென்றால் கையெழுத்துப் போடுவார். வெளிநாட்டில் வேர் உள்ள குடும்பங்களுக்கு நீண்ட விடுமுறை என்று தனி எழுத்தே இடாப்பில் இருந்தது. சில்ஹெட்டுக்குப் போகிற வங்காளிப் பிள்ளைகளுக்கு நான் அதைப் போட்டிருக்கிறேன். போரால் மூடியிருந்த ஏ9 பாதை 2002 சித்திரையில் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போன எங்கள் பிள்ளைகளுக்கும் போட்டேன். எண்பதுகளில் அகதியாக வந்து, தாய் தகப்பனைக் காணாமலே இருந்தவர்கள், இங்கே பிறந்த பிள்ளைகளை முதன்முறையாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போன காலம் அது. அந்தக் கடிதங்களில் ஒன்றுக்காவது அதிபர் மறுப்புச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

2013 செப்டெம்பர் முதலாம் திகதியோடு அது முடிந்தது. குடும்ப விடுமுறை, நீண்ட விடுமுறை என்ற சொற்களையே இங்கிலாந்தின் விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மைக்கல் கோவ் அப்போது கல்வி அமைச்சர். விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும் அனுமதி என்றானது. எது விதிவிலக்கு என்பதை ஒவ்வொரு அதிபரும் தீர்மானிக்கவேண்டும். ஆகவே ஒரே வீட்டில் அக்காவுக்கு அனுமதி, வேறு பள்ளியில் படிக்கும் தம்பிக்கு இல்லை. கந்தோரில் பொய்யும் அந்த வருசம் தொடங்கியது. முன்பு பயணம் என்று எழுதிக் கேட்டவர்கள் இப்போது காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னார்கள். திருப்பி எடுத்தால் இங்கிலாந்தின் இரட்டை மணிக்குப் பதிலாக ஸ்பெயினின் ஒற்றை நீள மணி கேட்கும். எங்கடை ஆட்களில் ஒரு தாய் நேராகவே கேட்டார்: "அக்கா, வயித்துக்குத்து எண்டு எழுதட்டோ, காய்ச்சல் எண்டு எழுதட்டோ? எது நல்லது?" நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பாலர் வகுப்பில் இருந்த அவருடைய மகள் மருதாணிக் கையோடு வந்து, தான் பொம்பிளைக்குத் தோழியாக நின்றதை ரீச்சருக்கு விலாவாரியாகச் சொல்லிவிட்டாள்.

வைட் தீவில் ஒரு தகப்பன் அபராதம் கட்ட மறுத்தார். 2015 ஏப்ரலில் மகளை ஏழு நாள் புளோரிடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அவளுடைய வரவு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அப்படியானால் அவள் ஒழுங்காகத்தானே வருகிறாள் என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரல் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் மறுபக்கம் திரும்பியது. தீர்ப்பை எழுதியவர் ஹேல் சீமாட்டி. ஒழுங்கான வரவு என்றால் பள்ளியின் விதிப்படி வரவேண்டும், வீதக்கணக்கு உதவாது என்றார். அந்தத் தீர்ப்பின் கணக்குப்படி, அனுமதியில்லாமல் ஒரு நாள் போனாலும் குற்றம்தான்.

2024 ஓகஸ்டிலிருந்து நாடு முழுக்க ஒரே அபராதம். ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு, 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண். 28 நாள் வரை போனால் 160. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் குறைந்தது 320 பவுண். மூன்று வருசத்துக்குள் இரண்டாம் முறை நடந்தால் நேரே 160. மூன்றாம் முறை சீட்டு இல்லை, வழக்கு. இதில் வசதியானவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது கந்தோரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஓகஸ்ட் ரிக்கற்றுக்கும் யூன் ரிக்கற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் 320ஐக் கழித்துப் பார்ப்பார்கள். மிச்சம் இருந்தால் போவார்கள். அபராதம் பயணச் செலவில் ஒரு வரியாகிவிட்டது. கட்ட வழியில்லாதவர்களுக்குத்தான் அது தண்டனை.

ரீச்சர்மாரின் பக்கமும் எனக்குத் தெரியும். பின்னக்கணக்குத் தொடங்குகிற கிழமையில் ஆறு பிள்ளைகள் இல்லை என்றால், அடுத்த கிழமை அந்தப் பாடத்தை இரண்டாம் முறை எடுக்கவேண்டும்; போகாத பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருக்கும். தொடர்ந்து வராத பிள்ளைகளின் கதை அதைவிடக் கனம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் பிரச்சினை விமான ரிக்கற் அல்ல. வறுமை, நோய், வீடு இல்லாமை. இரண்டையும் ஒரே சீட்டால் அடிப்பது சோம்பேறித்தனம். பக்கத்து வேல்ஸில் அதிபர் இன்றும் பத்து நாள் வரை அனுமதிக்கலாம். ஸ்கொட்லாந்தில் இந்த அபராதச் சீட்டே இல்லை. இங்கிலாந்திலும் அந்தப் பத்து நாளை அதிபரின் கையில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் என் முடிவு. பிள்ளையைத் தெரிந்தவர் அவர்தான்.

அதுவரைக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை வெள்ளைக்கார அதிகாரிக்கு விளங்கப்படுத்தி நான் களைத்துவிட்டேன். யூலை கடைசியில் இங்கே பள்ளி விடுகிறபோது ஆடி பிறந்து ஒரு கிழமை. ஆடியில் கலியாணம் இல்லை. நத்தார் விடுமுறை முழுக்க மார்கழிக்குள், மார்கழியிலும் இல்லை. விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கினதும் தை பிறந்து, கலியாண வீடுகள் வரிசையாக வரும். ஆக, ஊரில் நடக்கிற கலியாணங்களில் பெரும்பாலானவை லண்டன் பிள்ளைகளுக்கு இடாப்பில் எழுத்து விழுத்தாமல் நடக்காது. நல்லூர்க் கந்தன் மட்டும் இங்கிலாந்துக் கலண்டரைப் பார்த்துக் கொடியேறுகிறான். அந்த நேரம் கொழும்பு ரிக்கற்றைக் கையால் தொடமுடியாது.

போகத்தான் வேண்டும் என்றால், ரிக்கற் எடுக்க முன் அதிபருக்கு எழுதிக் கேளுங்கள். யாருடைய கலியாணம், எந்த நாள், எத்தனை நாள் என்று உண்மையை எழுதுங்கள். கேட்டவர்களுக்கு ஒன்றிரண்டு நாளாவது கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன். காய்ச்சல் என்று எழுதவேண்டாம், பிள்ளை சொல்லிவிடும். அனுமதியில்லாத நாட்கள் பத்துக் கிழமைக்குள் ஐந்துக்குக் கீழே நின்றால் சீட்டு வழக்கமாக வராது. ஊரில் நாள் பார்க்கிற பெரியவர்களுக்கும் ஒன்று: லண்டனிலிருந்து பேரப்பிள்ளைகள் வரவேண்டும் என்றால் ஆவணியின் முதல் இரண்டு கிழமைக்குள் முகூர்த்தம் வையுங்கள். அதற்குப் பிறகு இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும்.